புளோக்குக்குக் கீழே வெயில் காயும் அரணை: இது நம்ம ஊர் அரணைதானா?

யீஷூன் வேலு | சனி, காலை 9:40

எல்லாருக்கும் வணக்கம். இங்க சிங்கப்பூர்ல எங்க அடுக்குமாடி புளோக்குக்குக் கீழ, சைக்கிள் நிறுத்துற இடத்துக்குப் பக்கத்துல ஒரு செடிப் பாத்தி இருக்கு. தினமும் காலையில எட்டரை, ஒன்பது மணிக்கு அந்தப் பாத்தியோட சிமெண்டு விளிம்புல ஒரு அரணை வந்து படுக்குது. ஒரு சாணுக்கு மேல நீளம். முதுகு, புளி போட்டுத் தேய்ச்ச குத்துவிளக்கு மாதிரி மின்னுது. விலாவுல செம்பழுப்பு, அதுல சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி. காலடிச் சத்தம் கேட்டா லோங்காங் (சாக்கடை வாய்க்கால்) மூடிக்குக் கீழ ஓடிடும். ரெண்டு நிமிஷத்துல திரும்பத் தலையை நீட்டும்.

என் மகளுக்கு ஆறு வயசு. அதைப் பார்க்காம பள்ளிக்கூட பஸ் ஏற மாட்டா. அறந்தாங்கியிலேருந்து அம்மா வந்திருக்காங்க. அவங்களுக்கு அதைக் கண்டாலே உடம்பு நடுங்குது. "அரணை கடிச்சா மரணம், புள்ளையக் கிட்ட விடாதே"ன்னு ஒரே பிடி. நேத்து நான் வேலைக்குப் போன நேரத்துல, புளோக் கூட்டுற பெரியவரைக் கூப்பிட்டு அடிக்கச் சொல்லியிருக்காங்க. அவர் அடிக்கலை. நல்ல மனுஷர்.

இதுக்கு நிஜமாவே விஷம் உண்டா? இது நம்ம ஊர்ல பார்க்குற அதே அரணையா, இல்ல வேற சாதியா? பிடிச்சு மெக்ரிட்சி பக்கம் காட்டுல விட்டுட்டா நல்லதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பொங்கோல் மலர் | சனி, காலை 10:25

வேலு தம்பி, முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். அரணைக்கு விஷம் கிடையாது. இங்கே உள்ளதற்கும் இல்லை, ஊரில் உள்ளதற்கும் இல்லை. உலகத்தில் 1,700க்கும் மேற்பட்ட அரணை இனங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் கடியாலும் மனிதர் சாவதில்லை. கையில் பிடித்து அமுக்கினால் கடிக்கும், சின்னதாகக் கிள்ளியது போல இருக்கும், அவ்வளவுதான்.

அம்மாவிடம் "அது மூடநம்பிக்கை" என்று சொல்லாதீர்கள். என் பாட்டியும் அப்படித்தான் சொல்வார். ஆனால் அவரே இன்னொன்றும் சொல்வார்: அரணை கடிக்கத்தான் ஓடிவருமாம், வருகிற வழியிலேயே எதற்கு வந்தோம் என்று மறந்துவிடுமாம். யாரையும் அது கடித்துப் பார்த்ததில்லை என்பதை நம் முன்னோர் கவனித்திருக்கிறார்கள், அதற்குத்தான் அந்த மறதிக் கதை என்பது என் எண்ணம். பளபளக்கும் வழவழப்பான உடம்பு, கழுத்தே தெரியாத தலை, இலைக்குள் வளைந்து நெளிந்து ஓடுவது, எல்லாம் பாம்பை நினைவூட்டும். பாம்புராணி, பாம்பரணை என்று பெயர் வைத்ததும் அதனால்தானே.

நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் இதன் அறிவியல் பெயர் யூட்ரோபிஸ் மல்டிஃபாசியேட்டா. எங்கள் நடைக்குழுவில் வெயிலரணை என்போம். மலாய்க்காரர்கள் அரணையைப் பெங்காருங் என்பார்கள். சிங்கப்பூரில் அதிகம் கண்ணில் படும் அரணை இதுதான். பூங்கா, புளோக், சாலையோரம், காட்டின் ஓரம் எல்லா இடத்திலும் உண்டு. ஓணான் 1980களில் இங்கே பரவிய வந்தேறி. வெயிலரணை அப்படியில்லை, இந்த மண்ணுக்கே உரியது. பூச்சி, கரப்பான், புழு தின்னும். முட்டை போடாது, குட்டி போடும்.

பிடித்துக் காட்டில் விடுவது வேண்டாம். அடர்ந்த காட்டின் நிழல் அதற்கு ஆகாது. வெயில் விழும் திறந்த இடம்தான் அதன் வீடு. மேலும் 2020 முதல் நடப்பில் இருக்கும் வனவிலங்குச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் காட்டுயிரைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். தீனி போடுவதும் கூடாது. மகள் பார்க்கட்டும், பார்ப்பதோடு நிற்கட்டும்.

ஜூரோங் சாமி | சனி, பகல் 12:10

மலர் அக்கா, மற்றதெல்லாம் சரி. குட்டி போடும்னு சொன்னதை மட்டும் என்னால ஒத்துக்க முடியல. நான் பேராவூரணிக்காரன். எங்க வீட்டு எருக்குழிப் பக்கம் கல்லைப் புரட்டினப்போ அரணை முட்டையைக் கையாலேயே எடுத்துப் பார்த்திருக்கேன், வெள்ளையா, தோல் மாதிரி. அதைத் திரும்ப மண்ணுல வெச்சு, சில வாரம் கழிச்சுக் குஞ்சு வெளிய வந்ததையும் பார்த்தேன். அரணை முட்டைதான் போடும். யாரோ சொன்னதை வெச்சுச் சொல்லலை, கண்ணால பார்த்தது.

நிலா_கிளமெண்டி | சனி, பகல் 1:30

சாமி அண்ணே, நீங்க பார்த்ததும் சரி, மலர் அக்கா சொன்னதும் சரி. நான் உயிரியல் படிக்கிறேன். இந்தக் கூட்டம் எனக்கு ரொம்பப் பிடிச்ச கூட்டம்ங்கிறதால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

நீங்க பேராவூரணியில பார்த்தது பெரும்பாலும் யூட்ரோபிஸ் கேரினேட்டாவா இருக்கும். தமிழ்நாட்டுல வீட்டுக் கொல்லையில, வேலி ஓரத்துல திரியுற பெரிய அரணை அது. அது முட்டை போடும். வேலு அண்ணன் புளோக்ல இருக்கிறது மல்டிஃபாசியேட்டா, அது குட்டி போடும். ரெண்டும் ஒரே பேரினம், அதாவது பங்காளி உறவு. முதல் பேர் யூட்ரோபிஸ், அதுதான் குடும்பப் பேர் மாதிரி.

அந்தப் பேருக்கே ஒரு அழகு இருக்கு. கிரேக்கத்துல 'ட்ரோபிஸ்'னா கப்பலோட அடிமரம். 'யூ'ன்னா நல்ல. இவங்க முதுகுச் செதிலை உருப்பெருக்கிக் கண்ணாடியில பார்த்தா, ஒவ்வொண்ணுலயும் அடிமரம் மாதிரி சின்ன மேடுகள் நீளவாக்குல ஓடும். மல்டிஃபாசியேட்டாவுக்குப் பொதுவா மூணு மேடு. நம்ம ஊர் கேரினேட்டாவோட பேருக்கும் அதே பொருள்தான், அது லத்தீன்.

இந்த அரணைகளை முன்னாடி எல்லாம் மபூயான்னு ஒரே கூடையில போட்டு வெச்சிருந்தாங்க. தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா, எல்லா இடத்து அரணையும் அதுலதான். மரபணுவைப் பார்த்த பிறகு 2002ல அந்தக் கூடையைப் பிரிச்சாங்க. மபூயாங்கிற பேர் அமெரிக்க அரணைகளுக்குப் போச்சு, ஆசிய அரணைகளுக்கு யூட்ரோபிஸ்ங்கிற பழைய பேர் திரும்பி வந்துச்சு. பழைய புத்தகத்துல இதே விலங்கை மபூயான்னு பார்த்தா குழம்ப வேண்டாம்.

இப்போ நான் சொல்ல வந்த விஷயம். நம்ம ஊர் அரணையும் இந்த ஊர் அரணையும் எப்படி உறவாச்சு? 2012ல இந்தியாவுல ஒரு ஆய்வு வந்துச்சு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர்களும் அதுல இருந்தாங்க. இந்திய யூட்ரோபிஸ்களோட மரபணுவைத் தென்கிழக்காசிய இனங்களோட ஒப்பிட்டாங்க. இந்தப் பரம்பரை தென்கிழக்காசியாவுலேருந்து இந்தியாவுக்குள்ள வந்து, அங்க பல இனமாக் கிளைச்சதுன்னு அந்த ஆய்வு சொல்லுது. நாகப்பட்டினத்துல கப்பலேறி நம்ம ஆளுங்க இங்க வந்தாங்க. அதுக்குப் பல லட்சம் வருஷம் முன்னாடியே அரணையோட முன்னோர் இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் போயிடுச்சு. சின்னப் பிள்ளையில தஞ்சாவூர்ல தாத்தா வீட்டுத் திண்ணையில பார்த்த அரணையை, இதைப் படிச்ச அன்னிக்குத்தான் நான் வேற கண்ணால பார்த்தேன்.

யீஷூன் வேலு | சனி, மாலை 6:15

நிலா தங்கச்சி, இதை அம்மாவுக்கு அப்படியே வாசிச்சுக் காட்டினேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "அப்ப இதுதான் மூத்த தாயாதியா?"ன்னாங்க. பயம் போகலை, ஆனா அடிக்கச் சொல்றது நின்னுடுச்சு.

நிலா_கிளமெண்டி | சனி, மாலை 6:50

அம்மாகிட்ட சொல்லுங்க அண்ணே, இப்ப இருக்கிற ரெண்டும் உடன்பங்காளிங்கதான், ஒண்ணுலேருந்து ஒண்ணு பிறக்கலை. ரெண்டுக்கும் பொதுவா ஒரு பாட்டி இந்தப் பக்கம் இருந்திருக்கா.

ஜூரோங் சாமி | ஞாயிறு, காலை 8:05

பசியாறிட்டு உக்காந்து எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். நேத்து அடிச்சுப் பேசினதுக்கு மலர் அக்கா மன்னிக்கணும். ஒரே குடும்பத்துல ஒண்ணு முட்டை, ஒண்ணு குட்டின்னு எனக்குத் தெரியாது.

ஒரு கேள்வி. புக்கிட் தீமா காட்டுல, வெயில் விழாத இடத்துல, இன்னும் கருப்பா, முதுகு சொரசொரன்னு ஒரு அரணையைப் பார்த்தேன். அதுவும் இதுதானா? முட்டை போடுறதுங்க அதைக் காவல் காக்குமா? எங்க ஊர் எருக்குழியில தாய் அரணையை நான் பார்த்ததில்ல.

பொங்கோல் மலர் | ஞாயிறு, காலை 9:30

மன்னிப்பெல்லாம் எதற்கு சாமி? நீங்கள் கேட்டதால்தானே நிலா இவ்வளவு எழுதினாள்.

நிழலில் பார்த்த சொரசொரப்பானது யூட்ரோபிஸ் ருஜிஃபெராவாக இருக்கலாம். வெயிலரணையின் நேரடிப் பங்காளி, ஆனால் காட்டை விட்டு வெளியே வராது. அதன் செதில் மேடுகள் எண்ணிக்கையில் அதிகம், கூர்மையாகவும் இருக்கும். படம் எடுத்திருந்தால் போடுங்கள். சிங்கப்பூரில் அதைப் பார்ப்பது அரிது.

வேறு அரணைகளும் இங்கே உண்டு. பெரிய தூங்குமூஞ்சி மரத்தண்டில் தலைகீழாக இறங்கி வரும் டேசியா ஒலிவேசியாவை அண்ணாந்து பார்க்கிறவர்கள் மட்டுமே காண்பார்கள். அதன் பேரினத்துக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் வாழும் ஒரு டேசியாவுக்கு 2012இல் டேசியா ஜான்சிங்கி என்று பெயரிட்டார்கள், நாங்குநேரியில் பிறந்த காட்டுயிர் அறிஞர் ஏ.ஜே.டி. ஜான்சிங்கைப் போற்றும் பெயர். அவர் 2024இல் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய அரணையின் உறவு இங்கே மரத்தில் ஏறுகிறது என்று நடைக்கு வரும் பிள்ளைகளிடம் நான் தவறாமல் சொல்வேன்.

முதுகின் நடுவே மஞ்சள் கோடு போட்ட லிபினியா விட்டிஜெரா இன்னொரு மரவாசி. பூந்தொட்டியைத் தூக்கினால் புழுப் போல நெளிந்து ஓடும் சின்னஞ்சிறியது சப்டோலுசெப்ஸ் பௌரிங்கி. கோயம்புத்தூர் ஆனைக்கட்டியில் சில ஆண்டுகளுக்கு முன் கண்டறிந்த அரணையும் அதே பேரினம்தான். சதுப்புக்காட்டு ஈர இலைக்குள் வாழும் ஒரு சிற்றரணைக்கு 2017இல் டிட்டோசிங்கஸ் தெமாசெக்கென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். தெமாசெக் என்ற இந்தத் தீவின் பழம்பெயரே அதன் பெயராகிவிட்டது. இவ்வளவு கட்டடம் எழுந்த நாட்டில் 2017இலும் பெயரில்லாத ஓர் அரணை காட்டுக்குள் இருந்திருக்கிறது. அந்தக் காட்டின் ஓரத்தில் நடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வரும்.

முட்டைக் காவல் பற்றி நிலா சொல்லட்டும். அது அவளுக்குப் பிடித்த கதை.

நிலா_கிளமெண்டி | ஞாயிறு, பகல் 11:45

ஆமா அக்கா, ரொம்பப் பிடிக்கும்.

யூட்ரோபிஸ் லாங்கிகாடேட்டான்னு ஒரு நீளவால் அரணை. தைவானுக்குத் தென்கிழக்குல ஆர்க்கிட் தீவுன்னு ஒரு சின்னத் தீவு. அங்க இந்த அரணை, மண்சரிவுக்குக் கட்டின சிமெண்டுச் சுவர்ல தண்ணி வடிய விட்ட குழாய்க்குள்ள முட்டை போடும். நம்ம புளோக் பக்கத்துச் சரிவுச் சுவர்லயும் அதே மாதிரி ஓட்டைங்க இருக்கு பாருங்க, அதேதான். அந்தத் தீவுல முட்டை தின்னுற ஒரு பாம்பு உண்டு. தாய் அரணை முட்டைப் பக்கத்துலேயே இருந்து, பாம்பு வந்தா பாய்ஞ்சு கடிச்சுத் துரத்தும். பாம்பைத் துரத்துற அரணை! பல வருஷம் அங்கேயே உக்காந்து இதைக் கவனிச்ச ஒரு தைவான் ஆய்வாளர் எழுதினது. தைவான் பெருந்தீவுல இருக்கிற அதே இனம் முட்டையை விட்டுட்டுப் போயிடுது. பாம்போட நெருக்கடி அதிகமா இருக்கிற இடத்துலதான் காவல்.

இன்னொரு பக்கமும் இருக்கு, படிச்சப்போ மனசு கனத்துப் போச்சு. பாம்பு திரும்பத் திரும்ப வந்து, இனி காப்பாத்த முடியாதுங்கிற நிலை வந்தா, தாயே தன் முட்டைகளைத் தின்னுடும். பாம்புக்குப் போற சத்தைத் தன் உடம்புக்கே எடுத்துக்கிட்டு அடுத்த ஈட்டுக்குத் தேறுது. இதைக் கொடூரம்னு சொல்ல எனக்கு வாய் வரலை.

சாமி அண்ணே, நம்ம ஊர் கேரினேட்டா அப்படிக் காவல் காக்குறதை நான் எங்கயும் படிக்கலை. எருக்குழியில தாயைப் பார்க்காதது இயல்புதான்.

குட்டி போடுற வெயிலரணைக்கு இந்தக் காவல் கவலையே கிடையாது. முட்டையை வயித்துலேயே சுமக்குது. சூல் கொண்ட தாய் வெயில்ல படுத்தா குட்டிகளுக்கும் சேர்த்துத்தான் சூடு. வேலு அண்ணே, உங்க அரணை தினமும் அவ்வளவு நேரம் படுக்குதுன்னா வயிறைக் கொஞ்சம் கவனிங்க.

உபின் கரை | ஞாயிறு, இரவு 9:20

எனக்கு இந்த இழையில் சொல்ல ஒன்றுதான் உண்டு. நாற்பது வருடமாகத் தூண்டில் போடுகிறவன் நான். நீர் வற்றும் நேரம் அலையாத்தி வேர்களுக்கும் பாறைகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஓர் அரணை இறங்கி வரும். முதலில் பார்த்தபோது வழிதவறி வந்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை, அது வேட்டைக்கு வந்தது. சின்ன நண்டைக் கவ்விப் பாறையில் அடித்துத் தின்றது. அலை ஏறியதும் பாறை இடுக்கில் ஒதுங்கியது. அலை நனைத்தாலும் அசையவில்லை. பிறகு மலர் அம்மாதான் பெயர் சொன்னார்கள், எமோயா அட்ரோகோஸ்டாட்டா. யூட்ரோபிஸ் கூட்டம் இல்லை, தூரத்து உறவு. உப்புநீர்க் கரையில் பிழைக்கப் பழகிய அரணை.

கரையைக் கல்கட்டி நேராக்கிய இடங்களில் நான் இப்போது அதைப் பார்ப்பதில்லை. வேரும் இடுக்கும் இருக்கும் கரையில்தான் வருகிறது.

மன்னார்குடி மணி | திங்கள், இரவு 10:05

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். நான் இங்க தோட்டவேலை பார்க்குறவன். புல்வெட்டுற மிஷின் என் தோள்லதான் தொங்கும். இந்த இழையைப் படிச்சதும் எழுதணும்னு தோணுச்சு.

காலையில முதல் வெயில்ல புல்லு வெட்டினா அரணை ஓட முடியாது. ராத்திரிக் குளிர்ல உடம்பு இறுகிக் கிடக்கும், வெயில் ஏறினாத்தான் கால் வரும். நான் தெரியாம ரெண்டை வெட்டியிருக்கேன், ரொம்ப நாள் மனசை அறுத்துச்சு. இப்ப வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு கம்பால பாத்தி ஓரத்தைத் தட்டிக்கிட்டே போவேன். மூணு நாலு நிமிஷம்தான் ஆகும். மேற்பார்வையாளர்கிட்ட சொன்னேன், சரின்னுட்டார்.

குடியிருக்கிறவங்க ஒரு உதவி செய்யலாம். பாத்தியில இலை கிடந்தா உடனே புகார் எழுதாதீங்க. எல்லாத்தையும் கூட்டி அள்ளச் சொல்லிடுறாங்க. அந்த இலைக்கு அடியிலதான் அதுக்குத் தீனி, அதுக்கு வீடு.

யீஷூன் வேலு | புதன், இரவு 11:30

அவசரம். கரப்பானுக்காக ஒரு நிறுவனத்து ஆட்கள் வந்து லோங்காங் ஓரத்துல பசை அட்டை வெச்சுட்டுப் போயிருக்காங்க. சாயங்காலம் மகள் பார்த்துட்டுக் கத்தினா. நம்ம அரணை ஒட்டிக்கிட்டுக் கிடந்துச்சு. இழுக்கப் போனேன், அம்மாதான் கையைப் பிடிச்சுத் தடுத்தாங்க, "தோலு வந்துடும்டா, எண்ணெய் விடு"ன்னு. சமையல் எண்ணெயைப் பஞ்சுல தொட்டுக் கொஞ்சம் கொஞ்சமா விட்டோம். அம்மாவே விட்டாங்க. அரை மணி நேரம் ஆச்சு. விடுபட்டதும் துள்ளினதுல வால் பாதி அறுந்து தனியாத் துடிச்சுது. அரணை பாத்திக்குள்ள ஓடிடுச்சு. பிழைக்குமா?

பொங்கோல் மலர் | புதன், இரவு 11:48

பிழைக்க வாய்ப்பு இருக்கிறது. அம்மா செய்தது சரியான வேலை. இழுத்திருந்தால் கால் போயிருக்கும். இன்னொரு முறை இப்படி நடந்தால், அட்டையை நிழலுக்கு நகர்த்திவிட்டு, தேசிய பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி எண்ணை உடனே கூப்பிடுங்கள். நாளைக்கே நகர மன்றத்துக்கு எழுதுங்கள், திறந்த இடத்தில் பசை அட்டை வேண்டாம், மூடிய பெட்டிக்குள் வைக்கட்டும் என்று. படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். நானும் எழுதுகிறேன். அட்டையில் ஒட்டிச் சாகும் உயிரைப் பார்க்க ஓர் ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன தலையெழுத்து?

நிலா_கிளமெண்டி | வியாழன், காலை 7:10

வால் அறுறதுக்குன்னே அதோட வால் எலும்புல முன்கூட்டியே பிளவுக்கோடு உண்டு. ரெண்டு எலும்புக்கு நடுவுல இல்ல, எலும்புக்குள்ளேயே. அங்க உடையும்போது சுத்தியிருக்கிற தசை இறுகி ரத்தத்தை அடைச்சுடும். திரும்ப முளைக்கிற வால்ல எலும்பு இருக்காது, குருத்தெலும்புத் தண்டுதான். நிறமும் செதிலும் கொஞ்சம் மாறித் தெரியும்.

ஆனா வால்தான் அதோட கொழுப்புச் சேமிப்பு. சூல் கொண்டிருந்தா அது பெரிய இழப்பு. இப்ப யாரும் தொந்தரவு பண்ணாம இருக்கணும்.

யீஷூன் வேலு | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு காலை 10:00

எல்லாரும் கேட்டுக்கிட்டே இருந்தீங்க. முதல் வாரம் கண்ணுலேயே படலை. மகள் சரியாச் சாப்பிடலை. ஒன்பதாவது நாள் சிமெண்டு விளிம்புல வந்து படுத்துச்சு, மொட்டை வாலோட. அதுக்கப்புறம் தினமும் வருது. நகர மன்றத்துலேருந்து பதில் வந்துச்சு, பசை அட்டையை எடுத்துட்டாங்க. மணி தம்பி சொன்னதைப் புளோக் கூட்டுற பெரியவர்கிட்ட சொன்னேன், பாத்திக்குள்ள இலையை விட்டுட்டார்.

இந்தச் செவ்வாய்க்கிழமை மகள் மேல ஓடி வந்து, "பாட்டி, குட்டி!"ன்னா. நாலு இருந்துச்சு, வாலை விட்டுட்டா என் சுண்டுவிரல் நீளம்கூட இல்ல. பிறந்த உடனே தனித்தனியா ஓடுதுங்க. தாய் திரும்பிக்கூடப் பார்க்கலை. அம்மா அரை மணி நேரம் அங்கேயே நின்னாங்க. "வாலும் போச்சு, இதையும் பெத்துப் போட்டுருக்கு பாரு"ன்னு மட்டும் சொன்னாங்க.

நேத்து அம்மா ஊருக்குக் கிளம்பிட்டாங்க. இன்னிக்குக் காலையில வாட்ஸ்அப்ல ஒரு படம் வந்திருக்கு. கிணத்தடியில ஒரு அரணை. "இது எது, குட்டி போடுறதா, முட்டை போடுறதா, அந்தப் புள்ளைகிட்ட கேளு"ன்னு குரல் செய்தி. படத்தைக் கீழ போட்டிருக்கேன்.

நிலா_கிளமெண்டி | ஞாயிறு, காலை 10:12

கேரினேட்டா அண்ணே, முட்டை போடுறது. கிணத்தடியில கல்லைப் புரட்டும்போது வெள்ளையாத் தோல் முட்டை கிடந்தா, அதே இடத்துல மண்ணைப் போட்டு மூடிடச் சொல்லுங்க.